சிலுவையின் நான்கு கைகள்

சென்ற இதழில் 1739-ல் தஞ்சை மராட்டியரிடமிருந்து காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன கதையைப் பார்த்தோம். இந்த இதழில் அதற்கும் இருபது ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். கொஞ்ச தூரம் வடக்கேயும் போக வேண்டும்.

காரைக்கால் பகுதியிலுள்ள நம் நெடுங்காட்டிலிருந்து கோட்டுச்சேரி, பூவம் என்று வந்து நண்டலாற்றைத் தாண்டினால் புதுச்சேரி ஆட்சிப் பகுதி முடிந்து தமிழ்நாடு தொடங்குகிறது. பொறையாறு கடந்து கடல் பக்கம் திரும்பினால் தரங்கம்பாடி. இன்று ஒரு சோதனைச் சாவடி மட்டுமே இந்த எல்லையை நமக்கு நினைவுபடுத்துகிறது. 1718-ல் எல்லை வேறு மாதிரி இருந்தது. நெடுங்காடும் அதைச் சுற்றிய வயல்களும் தஞ்சை அரசர் முதலாம் சரபோஜியின் நாடு. தரங்கம்பாடியும் பொறையாறும் பக்கத்துச் சில ஊர்களும் டென்மார்க் கம்பெனியின் நாடு. அந்தச் சின்ன நாட்டில் வெள்ளைக்காரருக்கென்று இல்லாமல் தமிழ்ச் சபைக்கென்று எழுந்த ஒரு தேவாலயத்தைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

ஒரு தேவாலயத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்கு இங்கிலாந்து ஓர் எடுத்துக்காட்டு. அதன் நாட்டுப்புற ஊர்களில் எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுப் பழமையுள்ள கல் தேவாலயங்கள் இன்றும் வழிபாட்டில் இருக்கின்றன. டர்ஹாம் பகுதியின் எஸ்கோம்ப் கோயில் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். அங்கே வரலாறு படிக்கப் போகிறவர்கள் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்புவதில்லை. யார் எங்கே உட்கார்ந்தார்கள், யாரை எங்கே புதைத்தார்கள், கோயில் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்று தேடுவார்கள். ஊரின் பண்ணையாருக்கு இடுப்புயரப் பலகையால் அடைத்த தனி இருக்கை இருக்கும். கூலிக்காரர்கள் பின்வரிசையில். எட்டாம் ஹென்றி காலத்தில், 1538-ல், ஒவ்வொரு ஊர்க் கோயிலும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் மூன்றையும் பதிந்து வைக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. அரசர்களின் வரலாற்றில் இடம் கிடைக்காத கோடிப் பேருக்கு அந்த ஏடுகளில் ஒரு வரி கிடைத்தது. நம் கடற்கரைக் கோயிலையும் அதே கண்ணோடு பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தரங்கம்பாடியில் இடைக்காலக் கல் என்று தேடுபவர் தேவாலயத்துக்குப் போவதற்கு முன் கடலோரம் நிற்கும் மாசிலாமணிநாதர் கோயிலுக்குப் போக வேண்டும். 1306-ல், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. ஊருக்குச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் பெயர் இருந்ததை அதன் கல்வெட்டு சொல்கிறது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. பல காலம் கருவறையும் அதையொட்டிய பகுதியும்தான் அலையோடு மல்லுக்கட்டி நின்றன. டேனியர்கள் 1620-ல் வந்து, தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை செய்துகொண்டு டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டியபோது இந்தக் கோயிலுக்கு வயது முந்நூறைத் தாண்டியிருந்தது. நாயக்கர் தங்க ஏட்டில் அனுப்பிய மடல் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. தேவாலயத்தின் கதை தொடங்கும்போது ஊர் ஏற்கெனவே பழைய ஊர். இதை மறந்துவிட்டு, ஐரோப்பியர் வந்துதான் இங்கே வரலாறு பிறந்தது போல எழுதும் வழிகாட்டிப் புத்தகங்கள் எனக்கு மனவருத்தம் தருகின்றன.

1792-ல் கட்டிய நகர வாயிலுக்குள் நுழைந்தால் ராஜவீதி. அந்த வீதியில்தான் இரண்டு தேவாலயங்களும் இருக்கின்றன. ஒன்று சீயோன் ஆலயம். 1701-ல் டேனியக் கம்பெனிக்காரர்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்டது. மற்றது புதிய எருசலேம் ஆலயம். முகப்பில் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக்கின் முடிசூடிய எழுத்துகளும் 1718 என்ற ஆண்டும் இருக்கின்றன. செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுப்பிய தடித்த சுவர்கள். உள்ளே நுழைந்ததும் கட்டடத்தின் வடிவம் புரிந்துவிடும். நான்கு பக்கமும் ஏறத்தாழ ஒரே நீளத்தில் கைகள் நீளும் சிலுவை. எந்தக் கையில் உட்கார்ந்தாலும் நடுவே நிற்கும் குருவானவரின் குரல் கேட்கும்.

அந்த நான்கு கைகளைப் பற்றித்தான் இந்த அத்தியாயம். அதற்கு முன்பு கட்டியவரைப் பற்றிக் கொஞ்சம்.

பார்த்தலோமேயு சீகன்பால்க் சாக்சனி நாட்டுப் புல்ஸ்நிட்ஸ் ஊர்க்காரர். தோழர் புளுட்சோவுடன் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார். அவர் தமிழ் கற்ற கதை பள்ளிப் பாடங்களில் இருப்பதால் விரித்துச் சொல்லவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடம் நடத்திய ஒரு முதிய வாத்தியாரைத் தம் இடத்துக்கு வரவழைத்து, சிறுவர்களோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். கம்பெனியின் பழைய துபாஷி அழகப்பன் பேச்சுத் தமிழைத் திருத்திக்கொடுத்தார். 1708-க்குள் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் திரட்டி, அவற்றுக்கு விளக்கத்தோடு ஒரு பட்டியலும் எழுதிவிட்டார். அதே ஆண்டின் இறுதியில் ஒரு தமிழ் விதவையின் கடன் வழக்கில் அவள் பக்கம் பேசியதற்காக, டேனியத் தளபதி ஹாசியஸ் அவரைக் கோட்டைச் சிறையில் நான்கு மாதம் அடைத்தார். 1712-ல் அச்சுப்பொறி வந்தது. 1714-ல் நான்கு நற்செய்திகளும் அப்போஸ்தலர் நடபடிகளும், மறு ஆண்டில் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகின.

நாம் அதிகம் பேசாத நாள் ஒன்று உண்டு. 1707 மே 12. சீகன்பால்க் கூட்டத்தின் முதல் திருமுழுக்கு அன்று சீயோன் ஆலயத்தில் நடந்தது. பெற்றவர்கள் ஐந்து பேர். ஐந்து பேரும் டேனியர் வீட்டு அடிமைகள். நாள்தோறும் இரண்டு மணி நேரம் படிக்க எஜமானர்கள் அவர்களை அனுப்பி வைத்தார்கள். இந்தச் சீர்திருத்தச் சபையின் முதல் உறுப்பினர்கள் விலைக்கு வாங்கப்பட்ட மனிதர்கள். சபையின் வரலாற்றை எழுதும்போது இதை முதல் பக்கத்தில் எழுத வேண்டும் என்பேன்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 14 அன்று தமிழருக்கும் போர்த்துகீசிய மொழி பேசுவோருக்குமாக முதல் எருசலேம் ஆலயம் திறக்கப்பட்டது. அது இன்று இல்லை. சபை வளர்ந்தது. 1717 பிப்ரவரி 9-ல் புதிய ஆலயத்துக்கு அடிக்கல் வைத்து, 1718 அக்டோபர் 11-ல் திறந்தார்கள். இன்று நாம் பார்ப்பது இதுதான். நான்கு மாதம் கழித்து, 1719 பிப்ரவரி 23-ல், சீகன்பால்க் இறந்தார். வயது 36. தான் கட்டிய ஆலயத்துக்குள்ளேயே பீடத்தின் அருகில் அடக்கம். அவருடைய தோழர் குருண்ட்லரும் மறு ஆண்டே இறந்து அங்கேயே அடக்கமானார்.

இனி அந்த நான்கு கைகள்.

முதல் எருசலேம் ஆலயத்திலேயே இருக்கை முறை வகுக்கப்பட்டுவிட்டது. ஐரோப்பிய உடை உடுத்தியவர்கள் நாற்காலியிலும் பெஞ்சிலும் உட்கார்ந்தார்கள். நம் உடை உடுத்தியவர்கள் பாயிலும் தரையிலும். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். இதுவரை ஊர் வழக்கம் என்று கடந்துவிடலாம். ஆனால் தமிழ்ச் சபைக்குள்ளேயே வேளாளர் முதலிய சாதியார் ஒரு புறமும் பறையர் இன்னொரு புறமும், நடுவில் இடைவெளி விட்டு, உட்கார்ந்தார்கள். நற்கருணை வாங்குவதிலும் முன்பின் இருந்தது. புதிய ஆலயத்தின் சிலுவை வடிவம் இந்தப் பிரிவினைக்கு மிகவும் ஏற்றதாக அமைந்துவிட்டது. ஒரே கூரை, ஒரே பிரசங்கம், ஒரே பீடம். ஆனால் ஒரு கையில் இருப்பவர் தோள் மற்றக் கையில் இருப்பவர் தோளைத் தொட வேண்டியதில்லை.

அந்தக் குறுக்கு வெளியில் நின்று நான்கு பக்கமும் திரும்பிப் பார்த்தபோது எனக்குள் எழுந்தது கோபமா வருத்தமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. சிலுவையின் நான்கு கைகளும் உலகத்தை அணைக்க நீள்கின்றன என்று எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். இங்கே அதே நான்கு கைகளும் மனிதர்களைத் தள்ளி வைக்கப் பயன்பட்டன.

அங்கிருந்த முதியவர் ஒருவர், "எந்த ஊர் தம்பி?" என்று கேட்டார்.

"நெடுங்காடுங்க ஐயா."

"காரைக்கால் பக்கமா? அந்த ஊர்ப் பக்கமெல்லாம் அந்தக் காலத்துல நம்ம உபதேசிமாருதான் நடந்தே போவாங்க. வெள்ளைக்காரப் பாதிரிய உள்ள விட மாட்டாங்க இல்ல?"

முதியவர் சொன்னது சரியான வரலாறு. தஞ்சை அரசின் அனுமதி இல்லாமல் தரங்கம்பாடிப் பாதிரிமார் எல்லை தாண்ட முடியாது. தாண்டினாலும் நெடுநாள் தங்க முடியாது. நெடுங்காடு, திருநள்ளாறு, மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் என்று விரியும் அந்தப் பெரிய உள்நாடு முழுக்கத் தமிழ் உபதேசியார்களின் கால்களை நம்பி இருந்தது. பிள்ளைகளுக்குப் படிப்புச் சொன்னவர்களும், நோயாளிகளைப் பார்த்தவர்களும், இறந்தவரை அடக்கியவர்களும், அடி வாங்கியவர்களும் அவர்கள்தான். ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து 1710 முதல் அறுபது ஆண்டுக்கும் மேல் வெளிவந்த மிஷன் அறிக்கைகளில் அவர்களின் பயணக் குறிப்புகள் ஏராளம். எழுதியவர் பாதிரியார், நடந்தவர் உபதேசியார் என்பதை நினைவில் வைத்துப் படிக்க வேண்டும்.

அவர்களில் இருவரைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன்.

ஒருவர் ஆரோன். கடலூர்க்காரர், வேளாளர், இயற்பெயர் ஆறுமுகம். 1718-ல் சீகன்பால்க் கையால் திருமுழுக்குப் பெற்றார். உபதேசியாராக உழைத்தார். 1733 டிசம்பர் 28 அன்று இதே புதிய எருசலேம் ஆலயத்தில் குருப்பட்டம் பெற்றார். இந்தியாவின் சீர்திருத்தச் சபைகளில் குருப்பட்டம் பெற்ற முதல் தமிழர், முதல் இந்தியர் அவர். உள்நாட்டுச் சபைகளுக்கு நாட்டுப் போதகராக அனுப்பப்பட்டு, 1745-ல் இறக்கும் வரை ஊர் ஊராக நடந்தார். கப்பலேறி வந்தவரின் மொழியை ஊருக்குச் சொல்லும் நிலையிலிருந்து, தன் மொழியில் தன் மக்களுக்குத் தானே நற்கருணையும் திருமுழுக்கும் கொடுக்கும் நிலைக்கு ஒரு தமிழர் வந்த நாள் அது. அதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

இன்னொருவர் ராஜநாயக்கன். 1700-ல் பிறந்தவர். கத்தோலிக்கப் பறையர் குடும்பம். தஞ்சை மன்னரின் படையில் சிறு அதிகாரி. 1725-ல் தரங்கம்பாடியில் அச்சிட்ட நற்செய்தி நூல் ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. படித்தார், மறுபடி படித்தார், தானே தேடிக்கொண்டு தரங்கம்பாடிச் சபையில் வந்து சேர்ந்தார். சேவகத்தை விட்டு உபதேசியாரானார். எதிர்ப்புகளுக்கு நடுவே தஞ்சாவூரில் ஒரு சபையை வளர்த்தெடுத்தார். 1771-ல் இறக்கும்வரை நாற்பது ஆண்டுக்கு மேல் அந்தப் பணி. பின்னாளில் தஞ்சாவூரில் புகழ்பெற்ற மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் 1750-ல்தான் இந்தியா வந்தார். அவர் போய் நின்ற நிலத்தை உழுது வைத்தவர்களில் ராஜநாயக்கன் முதன்மையானவர்.

அவருக்குக் குருப்பட்டம் கொடுக்கலாமா என்ற பேச்சு வந்தது. தகுதியில் குறை சொல்ல யாராலும் முடியவில்லை. ஆனால் அவர் கையால் நற்கருணை வாங்க மேல்சாதிச் சபையார் இசையமாட்டார்கள், அதனால் அந்தத் திருவருட்சாதனத்தின் மதிப்பே அவர்கள் கண்ணில் குறைந்துவிடும் என்று மிஷனரிகள் தயங்கினார்கள். 1741-ல் இரண்டாவது தமிழ்க் குருவாகப் பட்டம் பெற்றவர் தியாகு. ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார்.

இந்த இடத்தில் சில வரலாற்றாசிரியர்கள் மிஷனரிகளுக்காகப் பரிந்து பேசுவார்கள். காலம் அப்படி, ஊர் அப்படி, சபை உடைந்துபோயிருக்கும் என்பார்கள். நான் அதை ஏற்கவில்லை. ஒரு விதவைக்காகத் தளபதியை எதிர்த்துச் சிறைக்குப் போன மனிதர் நிறுவிய சபை அது. எதிர்ப்பு வரும் என்று தெரிந்தே செயல்பட அதற்குத் தெரியும். ராஜநாயக்கன் விஷயத்தில் அந்தத் துணிவைக் காட்டவில்லை. தவறு தவறுதான். சீகன்பால்க்கின் மேல் எனக்கு இருக்கும் ஆழ்ந்த மரியாதை இதைச் சொல்வதைத் தடுக்கவில்லை. அந்த மரியாதைதான் சொல்லவும் வைக்கிறது.

இருக்கைச் சண்டை பதினெட்டாம் நூற்றாண்டோடு முடியவும் இல்லை. 1833-ல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கப் பேராயர் டேனியல் வில்சன், தம் ஆளுகைக்குட்பட்ட சபைகளில் சாதி முறை உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். ஆலயத்தில் தனி இடம், நற்கருணையில் முன்பின், எல்லாம் அதில் அடங்கும். தஞ்சாவூரிலும் பிற ஊர்களிலும் பெரிய கொந்தளிப்பு. தஞ்சை அரசர் இரண்டாம் சரபோஜியின் அவையில் மதிப்போடு இருந்த கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரே பழைய முறையின் பக்கம் நின்று வாதாடினார். அவருடைய தமிழை நேசிப்பவர்களுக்கு இது கசப்பான செய்திதான். ஆனாலும் நடந்தது நடந்தது. ஆங்கிலிக்கச் சபையை விட்டு விலகிய பலர், 1840-களில் தரங்கம்பாடிப் பணியை எடுத்துக்கொண்ட லைப்சிக் லுத்தரன் மிஷனில் சேர்ந்தார்கள். காரணம், அந்த மிஷன் சாதி விஷயத்தில் நெகிழ்வாக இருந்தது.

இதற்கிடையில் ஊரே கைமாறியது. 1845-ல் டென்மார்க், தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றது. வணிகம் நாகப்பட்டினத்துக்கும் காரைக்காலுக்கும் போய்விட, தரங்கம்பாடி அமைதியான சிற்றூராகச் சுருங்கியது. ஒருவகையில் அதனால்தான் அதன் பழைய வீதிகள் இடிபடாமல் தப்பின. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இந்தக் கரையிலும் உயிர்களைக் கொண்டுபோனது. ராஜவீதியின் பழைய கட்டடங்கள் பல அதற்குப் பிறகுதான் புதுப்பிக்கப்பட்டன.

1919-ல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானது. அதன் தலைவருக்குத் தரங்கைப் பேராயர் என்று பெயர். அந்த இடத்தில் முதலில் அமர்ந்தவர்கள் ஸ்வீடன் நாட்டவர். முதல் இந்தியராக ராஜா மாணிக்கம் பேராயரானது 1956-ல். புதிய எருசலேம் ஆலயம் திறந்த நாளிலிருந்து கணக்கிட்டால் 238 ஆண்டுகள். அதற்கு இரண்டாண்டு முன்பு, 1954 நவம்பர் 1 அன்று, நம் நெடுங்காட்டில் பிரெஞ்சுக் கொடி இறங்கியிருந்தது. அரசியல் விடுதலையும் சபையின் தன்னாட்சியும் இந்தக் கரையில் ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்தன என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இப்போது அந்த ஆலயத்தில் ஞாயிறு ஆராதனைக்குப் போனால் பெஞ்சுகள் எல்லாருக்கும் பொது. யாரும் எங்கும் உட்காரலாம். சுற்றுலாவாக வருகிறவர்கள் சீகன்பால்க்கின் கல்லறை முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். எடுக்கட்டும். அவருக்கு அந்த மரியாதை தகும். ஆனால் ஆரோனைப் பற்றி வழிகாட்டிகள் ஒரு வாக்கியம் சொன்னால் அதிகம், ராஜநாயக்கன் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. நற்செய்தி நூலைப் படையிலிருந்தபடியே படித்துத் தெளிந்து, நாற்பது ஆண்டு நடந்து உழைத்து, பட்டம் மறுக்கப்பட்டும் பணியை விடாத அந்த மனிதருக்கு, பட்டம் மறுத்த சபையின் தாய்க் கோயிலில் ஒரு கல்வெட்டு வைக்க வேண்டும். எந்தக் காரணத்தால் மறுக்கப்பட்டது என்பதையும் அதில் ஒளிக்காமல் பொறிக்க வேண்டும். திருச்சபைப் பொறுப்பில் இருக்கும் பெரியவர்கள் இதை மனத்தில் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். நெடுங்காடு, கோட்டுச்சேரி, பொறையாறு, சங்கரன்பந்தல் பகுதிகளில் பழைய லுத்தரன் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. தாத்தாவின் வேதப்புத்தகத்தின் முதல் ஏட்டில் பிறப்பு, திருமணம், இறப்பு எழுதி வைக்கும் வழக்கம் அந்த வீடுகளில் உண்டு. அதில் உபதேசியார், பள்ளி வாத்தியார் என்று யாருடைய பெயராவது இருந்தால், அந்த ஏடு செல்லரிப்பதற்குள் படியெடுத்து வையுங்கள். இந்தக் கரையின் சபை வரலாற்றில் இன்னும் எழுதப்படாத பாதி அந்த வீடுகளில்தான் கிடக்கிறது.

அடுத்த இதழில் பொறையாற்றில் இறங்குவோம். பெத்லகேம் ஆலயம் நமக்காகக் காத்திருக்கிறது.